மால் மூடிய பிறகு அந்த நிலத்தில் என்ன வரலாம்?

எங்கள் ஊர் மால் மூடி இரண்டு வருடம் ஆகிறது. அந்த நிலத்தை இனி என்ன செய்யலாம் என்று ஊர்க்காரர்களிடம் கேட்பதற்காக, நகராட்சி நூலகச் சுவரில் நான்கு பெரிய அட்டைகளை மாட்டியிருக்கிறது. பழைய கட்டடத்தைச் சீர்செய்து மறுபடி மாலாகவே திறப்பது முதல் அட்டை. இடித்துவிட்டுக் கிடங்கு கட்டுவது இரண்டாவது. மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ கொடுப்பது மூன்றாவது. தெருக்கள் போட்டு, கீழே கடையும் மேலே வீடுமாக ஒரு டவுன் சென்டர் கட்டுவது நான்காவது. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையப் பச்சைப் பொட்டு ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று எடுத்து, வேண்டிய அட்டையில் ஒட்ட வேண்டும். ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதிப் போடச் சீட்டும் பெட்டியும் உண்டு.

நான் இருப்பது மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டனுக்கு வடக்கே ஒரு புறநகர். மூன்று தடவை அந்தச் சுவர் முன்னால் நின்றுவிட்டு, ஸ்டிக்கரை ஒட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பார்த்த உடனே மனசு போவது நான்காவது அட்டைக்குத்தான். மரம், நடைபாதை, வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், குழந்தைகள் ஓடும் ஒரு சதுக்கம் என்று அழகாக வரைந்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் முப்பது வருடத்துக்கும் மேலாக ஊர் ஊராக இதே படத்தை வரைந்து காட்டுகிறார்கள். சில ஊர்களில் படம் தெருவாக மாறியது. சில ஊர்களில் மால் இடிந்ததோடு சரி, பத்து வருடம் புல் முளைத்துக் கிடந்தது. அதனால் நான்கு வழிகளிலும் ஏற்கெனவே போன ஊர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். எங்கள் ஊருக்கு வந்த கேள்வி இன்னும் பல ஊர்களுக்கு வரப்போகிறது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மால் எப்படி வந்தது, ஏன் விழுந்தது

மினசோட்டா மாநிலத்தின் எடினாவில் 1956 அக்டோபரில் திறந்த சவுத்டேல்தான், முழுக்கக் கூரை மூடி, உள்ளே வருடம் முழுக்க ஒரே தட்பவெப்பம் வைத்த முதல் மால். அதை வடிவமைத்த விக்டர் க்ரூன் வியன்னாவில் பிறந்தவர். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்த கட்டடக் கலைஞர். காரை விட்டு இறங்க இடமே இல்லாத அமெரிக்கப் புறநகரைப் பார்த்து, இதற்கு நடுவே தன் பழைய ஊரின் நடுத்தெருவைப் போல ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். கடைகளைச் சுற்றி வீடுகள், பள்ளி, பூங்கா, ஏரி எல்லாம் வர வேண்டும் என்பது அவர் போட்ட திட்டம். கடைகள் வந்தன. சுற்றி மற்றதெல்லாம் வரவேண்டிய இடத்தில் கார் நிறுத்துமிடம் வந்தது. நாடெங்கும் அந்தப் பாதியை மட்டும் நகலெடுத்தார்கள். க்ரூன் பின்னாளில் இவற்றைத் தன்னுடையவை என்று சொல்லிக்கொள்ளவே மறுத்தார். வியன்னாவுக்கே திரும்பிப் போனவர், அந்த ஊருக்குத் தெற்கிலும் ஒரு பெரிய மால் எழும்பியதைப் பார்த்த பிறகுதான் 1980இல் இறந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. நான்காவது அட்டை புதிதாக யாரோ கண்டுபிடித்தது இல்லை. 1956இல் கட்டாமல் விட்ட மீதிப் பாதி அது.

விழுந்த கதைக்கு ஆன்லைன் வணிகத்தை மட்டும் காரணம் சொல்வது போதாது. 1954இல் வந்த வரிச் சட்டம், புதிய வணிகக் கட்டடங்களின் தேய்மானத்தை முதல் சில வருடங்களிலேயே அதிகமாகக் கழித்துக்கொள்ள அனுமதித்தது. அதனால் கடை ஓடுமா என்று பார்ப்பதற்கு முன்பே கட்டுவது லாபமாயிற்று. தலைக்கு இத்தனை சதுர அடி கடை என்று கணக்குப் பார்த்தால் அமெரிக்காவுக்குப் பக்கத்தில்கூட ஐரோப்பிய நாடுகள் வராது. அப்புறம், மாலின் அமைப்பிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. இரண்டு மூன்று பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர்கள் மூலைக்கு ஒன்றாக நின்று கூட்டத்தை இழுக்கும். இவற்றை ஆங்கர் என்பார்கள். நடுவில் இருக்கும் சின்னக் கடைகள் அந்தக் கூட்டத்தை நம்பித்தான் வாடகை கொடுக்கின்றன. ஆங்கர் போய்விட்டால் வாடகையைக் குறைக்கலாம், அல்லது காலி செய்யலாம் என்று பல குத்தகைகளிலேயே எழுதியிருக்கும். அப்படிப்பட்ட ஆங்கர்களில் ஒன்றான சியர்ஸ் 2018 அக்டோபரில் திவாலானது. இன்னொன்றான ஜே.சி.பென்னி 2020 மே மாதம் திவாலானது. ஒரு மூலை இருண்டதும் நடுக்கூடம் ஒவ்வொரு விளக்காக அணைந்தது.

சுற்றியுள்ள தார்த் தரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆயிரம் சதுர அடி கடைக்கு நான்கைந்து கார் நிறுத்த இடம் என்பது புறநகர்களின் பழைய விதி. ஒரு காருக்கு, அது உள்ளே வந்து திரும்பும் பாதையையும் சேர்த்து, முந்நூறு சதுர அடிக்கு மேல் வேண்டும். அதாவது கடையைவிடக் கடைக்கு வரும் காருக்கு அதிக நிலம். செத்துப்போன மால் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கட்டடமே இல்லை, காலித் தரை. முடிவெடுக்கும்போது இது உதவுகிற விஷயம். இடிப்பதற்கு முன்பே கட்டுவதற்கு இடம் இருக்கிறது என்று இதற்கு அர்த்தம்.

என் அளவுகோல்

ஒப்பிடுவதற்கு முன்னால், நான் எதை வைத்து அளக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார். ஊரில் காலையில் எழுந்ததும் தெருமுனைக்குப் போய்ப் பால், கீரை, பூ எல்லாம் தானே வாங்கி வருகிறவர். இங்கே வீட்டிலிருந்து பக்கத்துக் கடை இரண்டு மைல். நடுவில் ஆறு வரிசைச் சாலை, பாதித் தூரத்துக்கு நடைபாதை கிடையாது. நாங்கள் வேலைக்குப் போனால் அவருக்குச் சன்னல்தான். அவரைக் காப்பாற்றியது மால். கடை திறக்கும் முன்பே கதவைத் திறந்து விடுவார்கள். எட்டு மணிக்கு ஊர் முதியவர்கள் வந்து உள்ளே சுற்றிச் சுற்றி நடப்பார்கள். நான் அலுவலகம் போகும் வழியில் அம்மாவை இறக்கிவிடுவேன், என் மனைவி பத்து மணிக்கு வந்து கூட்டிப்போவாள். ஒரு கொரியப் பாட்டியும் அம்மாவும் ஒரு வார்த்தைகூடப் பொதுவாக இல்லாமல் இரண்டு மாதம் சேர்ந்து நடந்தார்கள்.

ஆகவே மால் என்றாலே வெறுமை, டவுன் சென்டர் என்றாலே உயிர் என்று என்னால் எழுத முடியாது. அந்த மால் எங்களுக்கு நல்லது செய்தது. ஆனால் அதைப் பெற, யாராவது ஒருவர் அம்மாவைக் காரில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. கார் ஓட்டாத ஒருவர், வயதானவரோ பதினான்கு வயதுப் பிள்ளையோ, யாரையும் கேட்காமல் தானே போய்வர முடியுமா என்பது என் முதல் கேள்வி. இன்று அங்கே வருகிற நிறுவனம் இருபது வருடம் கழித்துப் போய்விட்டால், மறுபடி நாம் இதே சுவர் முன்னால் நிற்போமா என்பது இரண்டாவது.

சீர்செய்வதும், கிடங்கும்

முதல் அட்டையைப் பலர் பார்க்காமலே ஒதுக்குகிறார்கள். அது சரியில்லை. டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் 1962இல் திறந்து, பிறகு நலிந்துபோன ஒரு மால் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் இப்போது யார் வாழ்கிறார்கள் என்று பார்த்து, மெக்சிகக் குடும்பங்களுக்கான சந்தையாக அதை மாற்றினார்கள். லா கிரான் பிளாசா என்று பெயர். சின்னச் சின்னக் கடைகள், ஞாயிற்றுக்கிழமை இசை, குடும்பத்தோடு வந்து நாள் முழுக்க இருக்கும் கூட்டம் என்று அது பிழைத்துக்கொண்டது. அட்லாண்டாவின் பிளாசா ஃபியெஸ்தாவும் இதே மாதிரிதான். நலிந்த மாலில் வாடகை குறைவு, குடியேறி வந்தவர்கள் முதல் கடை போடுவது அங்கேதான். எங்கள் மாலிலும் கடைசி வரை விளக்கு எரிந்தவை ஒரு எத்தியோப்பியக் குடும்பத்தின் நகைக்கடை, ஒரு புருவம் திருத்தும் கடை, ஒரு தையல் கடை. டவுன் சென்டர் படத்தில் அவர்களை நான் காணவில்லை.

சவுத்டேலே இன்னொரு வழியைக் காட்டுகிறது. மால் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆனால் கார் நிறுத்துமிடத்தின் ஓரங்களில் அபார்ட்மெண்ட்கள் வந்திருக்கின்றன, ஒரு ஹோட்டல் வந்திருக்கிறது, ஜே.சி.பென்னி இருந்த இடத்தில் பெரிய உடற்பயிற்சி மையம் வந்திருக்கிறது. க்ரூன் கேட்ட வீடுகள் அறுபது வருடம் தாமதமாக வந்து சேர்ந்தன. ஒரு மால் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் இதுதான் நல்ல வழி. எங்களுடையது மூடி, குழாய்கள் பனியில் வெடித்து, கூரை ஒழுகிக் கிடக்கிறது. சீர்செய்ய ஆகும் பணத்தைக் குறைந்த வாடகைக் கடைகளால் திருப்பித் தர முடியாது. இரண்டு வருடம் முன்னால் கேட்டிருந்தால் முதல் அட்டையைப் பற்றி நான் இன்னும் நிறைய எழுதியிருப்பேன்.

கிடங்கு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஒஹையோவின் நார்த் ராண்டல் சின்னஞ்சிறு ஊர். 1976இல் அங்கே திறந்த ராண்டல் பார்க் மால் அன்று உலகின் மிகப் பெரிய மால்களில் ஒன்று. ஊர் முத்திரையிலேயே கடைப் பைகளை வரைந்து வைத்துக்கொண்டார்கள். 2009இல் மூடினார்கள், அப்புறம் இடித்தார்கள், 2018இல் அதே நிலத்தில் அமேசான் கிடங்கு திறந்தது. அதே மாநிலத்தின் அக்ரனில் ரோலிங் ஏக்கர்ஸ் மாலுக்கும் அதே கதி. இரண்டு இடத்திலும் வேலை வந்தது. கையில் ஒன்றுமில்லாத ஊருக்கு அது சின்ன விஷயம் இல்லை. நெடுஞ்சாலை ஓரமாக, வீடுகளுக்குத் தள்ளி இருக்கும் மால் நிலத்துக்குக் கிடங்கு பொருந்தலாம். எங்கள் மால் மூன்று பக்கமும் வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. பள்ளி ஒன்று எதிரிலேயே இருக்கிறது. இரவு பகலாக லாரி ஓடும் சாலையை நாங்களே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமா? என் முதல் கேள்விக்கும் கிடங்கிடம் பதில் இல்லை, இரண்டாவதுக்கும் இல்லை.

மூன்றாவது அட்டை என்னைத் தடுமாற வைத்தது

நாஷ்வில்லில் ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ் என்று ஒரு மால், 1967இல் திறந்தது. காலியாகிக் கிடந்த அதன் மேல்மாடியை வேண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம் குத்தகைக்கு எடுத்து, 2009 வாக்கில் சிகிச்சைப் பிரிவுகளாக மாற்றியது. கீழே கடைகள் தொடர்ந்தன. யோசித்துப் பார்த்தால் நோயாளிக்கு இதைவிட வசதி கிடையாது. வாசலிலேயே காரை நிறுத்தலாம், படி ஏற வேண்டாம், அகலமான கூடத்தில் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். 2020 இறுதியில் அந்த மருத்துவ மையம் மொத்த மால் நிலத்தையும் வாங்கிவிட்டது.

ஆஸ்டினில் இன்னும் அழகாக நடந்தது. 1971இல் திறந்த ஹைலண்ட் மால் நலிந்தபோது, ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜ் 2010 முதல் அந்த நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கியது. பழைய ஜே.சி.பென்னி கடைக்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட கணினிகள் கொண்ட ஒரு பெரிய படிப்புக் கூடம் 2014இல் திறந்தது. கடைசிக் கடைகள் 2015இல் மூடின. சுற்றியிருந்த கார் நிறுத்துமிடத்தில் தெருக்களும் அபார்ட்மெண்ட்களும் எழுந்தன. ஒரு காலத்தில் துணி அலமாரிகள் நின்ற இடத்தில், வேலை முடித்துவிட்டு மாலையில் கணக்குப் படிக்க வருகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வழியின் பெரிய பலம், கல்லூரியும் மருத்துவமனையும் சீக்கிரம் திவாலாகாது, ஊரை விட்டும் போகாது. பலவீனம் இரண்டு. அவை பெரும்பாலும் சொத்து வரி கட்டுவதில்லை, கடைகள் இல்லாமல் விற்பனை வரியும் வராது. மாலின் வரியை நம்பிப் பள்ளிக்கும் சாலைக்கும் செலவு செய்து பழகிய நகராட்சிக்கு இது வலிக்கும். அடுத்தது, அவை தனியாக வந்தால் சாயங்காலத்துக்கு மேல் அந்த இடம் அடங்கிவிடும். ஆஸ்டினில் இது நடக்காததற்குக் காரணம், கல்லூரியைச் சுற்றித் தெருவும் வீடும் வந்ததுதான். மூன்றாவது அட்டை நன்றாக வந்த இடத்தைக் கூர்ந்து பார்த்தால் அதற்குள் நான்காவது அட்டை ஒளிந்திருக்கிறது.

டென்வரின் இரண்டு ஊர்கள்

டவுன் சென்டர் என்ற சொல்லைக் கேட்டு ஏமாறக் கூடாது என்று எனக்குப் புரியவைத்தது, கொலராடோவில் டென்வரை ஒட்டிய இரண்டு புறநகர்கள்.

லேக்வுட்டில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் இருக்கிறார்கள். ஊர் பெரியது, ஆனால் நடு என்று ஒன்று கிடையாது. 1966இல் வந்த வில்லா இத்தாலியா மால்தான் அவர்களுக்கு ஊர் மையம். பள்ளி விழா நடனம்கூட அந்த மாலில் நடந்தது. 2001இல் அது மூடியது. நகராட்சி ஒரு கட்டுமான நிறுவனத்தோடு கைகோத்து, 104 ஏக்கர் நிலத்தை 22 சின்னச் சதுரங்களாக வெட்டி, நடுவே பொதுத் தெருக்கள் போட்டது. பெல்மார் என்று பெயர் வைத்து 2004இல் முதல் பகுதியைத் திறந்தார்கள். கீழே கடை, மேலே வீடும் அலுவலகமும், ஓரங்களில் தனித் தனி வீடுகள், இரண்டு பூங்காக்கள். குளிர்காலத்தில் சதுக்கத்தில் பனிச்சறுக்குத் தளம் போட்டார்கள். பேருந்துகளும் அங்கே வருகின்றன. கார்களை அடுக்கு மாடிக் கட்டடங்களுக்குள் அனுப்பிவிட்டார்கள். ஒரு காருக்கான அடுக்கு மாடி இடம் கட்டப் பல்லாயிரம் டாலர் ஆகும். கடைக்காரரால் மட்டும் அதைத் தாங்க முடியாது. தெருவுக்கும் பார்க்கிங்குக்கும் ஆன கடனை அடைக்க, அங்கே வாங்கும் பொருளின் பில்லில் ஒரு சிறு கட்டணம் சேர்கிறது. டார்கெட் போன்ற பெரிய கடைகளையும் விரட்டாமல், தெருவைப் பார்த்தபடி அடக்கி உட்கார வைத்திருக்கிறார்கள்.

இங்கிள்வுட் அங்கிருந்து தென்கிழக்கே, கொஞ்ச தூரம்தான். தன் நகரப் பூங்காவையே விற்று, அந்த நிலத்தில் 1968இல் சிண்டரெல்லா சிட்டி என்ற பெரும் மாலைக் கொண்டுவந்த ஊர் அது. தொண்ணூறுகளின் இறுதியில் மால் இடிந்தது. 2000இல் புதிய லைட் ரெயில் பாதை திறந்தபோது, நிலையத்தின் வாசலிலேயே சிட்டிசென்டர் இங்கிள்வுட் வந்தது. பழைய டிபார்ட்மெண்ட் ஸ்டோர் கட்டடத்தை இடிக்காமல் நகராட்சி அலுவலகமும் நூலகமும் ஆக்கினார்கள். அருமையான வேலை. ரயில் இருந்தது, நூலகம் இருந்தது, அபார்ட்மெண்ட் இருந்தது. பெல்மாருக்கு அன்று ரயில் கிடையாது. ஆனாலும் பெல்மார் வேர் பிடித்துக்கொண்டது, இங்கிள்வுட் வேர் பிடிக்கவில்லை. நிலத்தின் பெரும்பகுதியை வால்மார்ட்டும் அதன் திறந்த பார்க்கிங்கும் எடுத்துக்கொண்டன. ரயிலிலிருந்து இறங்கி நடக்கும் தெரு ஒன்றே ஒன்று, அதுவும் கொஞ்ச தூரத்தில் தார்த் தரையில் போய் முட்டியது. கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசியில் வணிகப் பகுதியின் பெரும்பங்கு கடன் கொடுத்தவர் கைக்குப் போனது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நான் படித்த வரையில், தெரு. ஒரு ஊரில் இருபத்திரண்டு சதுரங்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னொரு தெரு, எல்லாம் சுற்றியுள்ள ஊர்த் தெருக்களோடு சேர்கின்றன. மற்ற ஊரில் ஒரு தெரு, அதைச் சுற்றிப் பழைய மாலின் தரை. தமிழில் நாம் கடைத்தெரு என்று சொல்கிறோம். கடை மாறும், முதலாளி மாறுவார், தெரு அங்கேயே இருக்கும். அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கும் பாதியை இங்கிள்வுட் கட்டாமல் விட்டது.

என் வீட்டுப் பக்கத்துப் பாடம்

இன்னொரு ஜோடி எங்கள் பக்கத்திலேயே, ராக்வில் பைக் சாலையில் இருக்கிறது. வைட் ஃபிளிண்ட் மால் 1977இல் திறந்தது. அந்தப் பகுதி முழுவதையும் நடந்து போகும் ஊராக மாற்ற 2010இல் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மால் உரிமையாளர்களும் இடித்துவிட்டு டவுன் சென்டர் கட்டத் தயாரானார்கள். ஆனால் ஆங்கர் கடையான லார்ட் அண்ட் டெய்லர், தன்னைச் சுற்றி முதல்தர மால் ஒன்று இருந்தாக வேண்டும் என்ற பழைய ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தது. வழக்குப் போட்டது. 2015இல் நீதிமன்றத்தின் நடுவர் குழு (ஜூரி) 3 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. மால் இடிந்தது, டவுன் சென்டர் வரவில்லை, தனியாக அந்தக் கடை மட்டும் நின்றது. 2020இல் அந்தக் கடையின் நிறுவனமே திவாலானது. நிலம் வருடக்கணக்கில் வெறும் புல்வெளியாகக் கிடந்தது. பக்கத்து மெட்ரோ நிலையத்துக்கு இருந்த மாலின் பெயரைக்கூட 2022இல் எடுத்துவிட்டு நார்த் பெதஸ்டா என்று மாற்றிவிட்டார்கள்.

அங்கிருந்து ஒரு மைல்கூட இல்லை, பைக் அண்ட் ரோஸ். அது முன்பு வரிசைக் கடைகளும் முன்னால் பார்க்கிங்கும் இருந்த சாதாரண இடம், 24 ஏக்கர். ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். ஒரு பகுதியை இடித்துக் கட்டி, வாடகைக்கு விட்டு, அப்புறம் அடுத்த பகுதிக்குப் போனார்கள். 2014இல் திறக்க ஆரம்பித்தது. அதே திட்டம், அதே சாலை, அதே மெட்ரோ. ஒன்று தெருவானது, ஒன்று புல்லானது.

மொத்தமாக இடித்துவிட்டுப் பணம் வரும் என்று காத்திருப்பதன் ஆபத்துக்கு யூட்டாவின் ஹாலடே ஊரும் சாட்சி. 1962இல் திறந்த காட்டன்வுட் மாலை, டவுன் சென்டர் கட்டுவதற்காக 2008இல் இடித்தார்கள். ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோர் மட்டும் மிஞ்சியது. அடுத்த ஏப்ரலில் உரிமையாளரான ஜெனரல் குரோத் நிறுவனம் திவாலானது. பத்து வருடம் காலி நிலம். வேறு நிறுவனம் உயரமான அபார்ட்மெண்ட்களோடு ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, ஊர்க்காரர்கள் கையெழுத்து வாங்கி, யூட்டா உச்ச நீதிமன்றம் வரை போய், 2018இல் வாக்கெடுப்பில் அதைத் தோற்கடித்தார்கள். ஊர்க்காரர்களைக் கேட்காமல் செய்த திட்டத்துக்குத் தாமதம்தான் பரிசு. இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் நகராட்சி நூலகத்தில் அட்டை மாட்டியதை நான் மதிக்கிறேன்.

நிலம் யார் கையில் என்பதற்கு நல்ல உதாரணம் ஃப்ளோரிடாவின் போகா ரட்டோன். 1974இல் திறந்த மால் நலிந்தபோது, நகரத்தின் மறுசீரமைப்பு அமைப்பே நிலத்தை வாங்கி, குத்தகைக்குக் கொடுத்து, 1991இல் மிஸ்னர் பார்க்கைத் திறந்தது. நிலம் ஊர் கையில் இருந்ததால், நடுவே பொதுப் பூங்கா வேண்டும் என்று ஊரால் சொல்ல முடிந்தது. வாஷிங்டனுக்குத் தெற்கே அலெக்சாந்திரியாவில் லேண்ட்மார்க் மால் மூடியதும், இடிப்பதற்குக் காத்திருந்த நாளில் பழைய மேசிஸ் கடையைச் சில காலம் வீடற்றவர்களின் தங்குமிடமாகக் கொடுத்தார்கள். இப்போது அங்கே மருத்துவமனையையும் தெருக்களையும் வீடுகளையும் சேர்த்தே கட்டுகிறார்கள். மருத்துவமனை நிலத்தை நகரமே வாங்கிக் குத்தகைக்குக் கொடுக்கிறது. மூன்றாவது, நான்காவது இரண்டு அட்டையையும் ஒன்றாக ஒட்டிய ஊர் அது.

என் பொட்டு எங்கே

நான்காவது அட்டையில் குறைகள் இருக்கின்றன, நான் மறைக்கவில்லை. புதுக் கட்டடத்தின் வாடகை அதிகம். அந்த வாடகையைக் கொடுக்க முடிகிறவை பெரும்பாலும் உணவகங்களும் பெரிய நிறுவனங்களின் கிளைகளும்தான். பக்கத்து ஊரில் கட்டிய ஒரு டவுன் சென்டருக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "எல்லாம் சாப்பிடற கடையா இருக்கேப்பா, இங்க குடியிருக்கிறவங்க காய்கறிக்கு எங்க போவாங்க?" என்று கேட்டார். சரியான கேள்வி. மேலே இருநூறு வீடுகள், கீழே ஒரு கீரைக் கட்டு கிடைக்காது. அங்கே இருந்தவர்களும் காரை எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனார்கள். இன்னொரு குறை, பார்க்கத் தெரு மாதிரி இருக்கும் பல இடங்கள் சட்டப்படி தனியார் நிலம். காவலாளி வந்து, கூட்டமாக நிற்காதே, படம் எடுக்காதே, போ என்று சொன்னால் போக வேண்டியதுதான். மாலிலும் அப்படித்தான் இருந்தது.

அப்புறம் குளிர். ஜனவரியில் காலை எட்டு மணிக்கு அம்மாவும் அந்தக் கொரியப் பாட்டியும் திறந்த தெருவில் நடக்க முடியாது. மால் கொடுத்த ஒரு கூரையை எந்த டவுன் சென்டர் படத்திலும் நான் பார்க்கவில்லை. இங்கிள்வுட் செய்தது போலப் பழைய டிபார்ட்மெண்ட் ஸ்டோர்களில் ஒன்றை இடிக்காமல் வைத்து, நூலகமும் முதியோர் கூடமும் குறைந்த வாடகைக் கடைகளும் அதற்குள் இருந்தால் இது தீரும். எங்கள் மாலின் வடக்கு மூலைக் கட்டடம் இன்னும் உறுதியாக இருக்கிறது, அதன் கூரையும் ஒழுகவில்லை.

இவ்வளவும் எழுதிப் பார்த்த பிறகு நேற்று போய் நான்காவது அட்டையில் பொட்டை ஒட்டினேன். சீட்டில் ஐந்து வரி எழுதினேன். தெருக்களை முதலில் போடுங்கள், அவை நகராட்சிக்குச் சொந்தமாக இருக்கட்டும், நான்கு பக்கமும் எங்கள் தெருக்களோடு சேரட்டும். முதல் கட்டத்தைக் காலியான கார் நிறுத்துமிடத்தில் கட்டுங்கள், அதற்குப் பணம் கைக்கு வராமல் கட்டடத்தை இடிக்காதீர்கள். மூலைக் கடைகளின் பழைய ஒப்பந்தங்களை இப்போதே எடுத்துப் படியுங்கள். வடக்கு மூலைக் கட்டடத்தை வைத்துக்கொண்டு, நகைக்கடைக்காரரையும் தையல் கடை அம்மாவையும் கூப்பிட்டுக் கேளுங்கள். முதல் கட்டத்திலேயே ஒரு காய்கறிக் கடை வேண்டும்.

வெளியே வரும்போது எண்ணிப் பார்த்தேன். நான்காவதில் நிறையப் பொட்டு, மூன்றாவதிலும் கணிசமாக இருக்கிறது. கிடங்கில் ஏழு. அட்டைகள் இந்த மாதக் கடைசி வரை சுவரில் இருக்கும். நூலகம் சனிக்கிழமை ஐந்து மணி வரை திறந்திருக்கிறது.